மணலியில் கேட்ட மேனாட்டு மெட்டு



மீஞ்சூரிலும் பழவேற்காட்டு ஏரியின் கரையூர்களிலும் வாழும் நம்மவருக்கு மணலி புதிய ஊரன்று. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளைக் கண்டதுமே மணலி வந்துவிட்டது என்று நம் வீட்டுச் சிறுபிள்ளைகளும் சொல்லிவிடும். அந்த மணலியில்தான், 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் இளமையின் ஒரு பகுதியைக் கழித்தார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

திருவாரூரில் 1775ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் இராமசுவாமி தீட்சிதரும் பெரும் இசைப்புலவர். ஹம்ஸத்வனி என்னும் இராகத்தை உருவாக்கியவர். மணலியின் செல்வந்தரான முத்துகிருஷ்ண முதலியார் அவரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப்பின் அவருடைய மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர்; ஆதலால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தங்குதடையின்றிச் சென்று வரக்கூடியவர். தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் முழங்கியது.

சற்றே எண்ணிப் பாருங்கள். ஆசாரம் மிகுந்த அந்தணக் குடும்பத்து இளைஞர். வாசிப்போரோ அந்நிய நாட்டுப் படைவீரர். காதைப் பொத்திக்கொண்டு திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ அம்மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டார். அவற்றுக்குத் தம் சமயத்துக்குரிய வடமொழிச் சொற்களை அமைத்து ஏறத்தாழ 40 உருப்படிகள் செய்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்பது அவற்றின் பெயர். ஆங்கில அரசரை வாழ்த்தும் நாட்டுப் பண்ணின் மெட்டில் அமைந்தது 'ஸந்ததம் பாஹிமாம்'. இன்று மழலையர் பள்ளிகளில் விண்மீனைக் குறித்துப் பாடப்படும் ஆங்கிலப் பாட்டின் மெட்டிலேயே 'ச்யாமளே மீனாட்சி' இருக்கிறது. இசை பயிலத் தொடங்கும் சிறுவர்க்கு இன்றும் இவை கற்பிக்கப்படுகின்றன.

தம்பி பாலுசுவாமி செய்தது இதனினும் பெரிது என்பது என் கருத்து. அவர் வெள்ளையரின் வயலினையே கையிலெடுத்துப் பயின்றார். வீணைக்கு உள்ளவை போன்ற மெட்டுகள் வயலினில் கிடையா. விரலைத் தந்தியின்மீது தடையின்றி வழுக்கிச் செல்லலாம். நம் இசையின் உயிரான கமகத்துக்கு இதைவிட வாய்ப்பான கருவி ஏது? மோவாயின் கீழ் வைத்து நின்றுகொண்டு வாசிக்கப்பட்ட அக்கருவி, நம் நாட்டில் தரையில் அமர்ந்து பாதத்தின்மேல் ஊன்றி வாசிக்கப்படலாயிற்று. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது. அதற்கு வழிகோலியவர்களுள் முதல்வராகப் போற்றப்படுபவர் இந்தப் பாலுசுவாமி.

இதற்கிடையே சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு வந்து, முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே சில ஆண்டுகள் தங்கியபோது இந்துஸ்தானி இசை அவர் செவியில் ஊறியது. அவ்விசை முஸ்லிம் உஸ்தாதுகளும் இந்துக் கலைஞர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வளர்த்த செல்வம் என்பதை நேயர்கள் அறிவீர்கள். பின்னாளில் யமுனா கல்யாணி, துவிஜாவந்தி போன்ற இராகங்களை அவர் கையாண்ட விதத்திலும், அவசரமே இல்லாத அந்த நிதான நடையிலும் காசி வாசத்தின் மணம் வீசுகிறது.

திரும்பிவந்து திருத்தணியில் பாடத் தொடங்கியவர் காஞ்சி, திருவாரூர், தஞ்சை எனத் தலந்தோறும் சென்று நூற்றுக்கணக்கான கிருதிகளை இயற்றினார். 'குருகுஹ' என்பது அவரது முத்திரை. தந்தை கண்ட ஹம்ஸத்வனியில் மகன் பாடிய 'வாதாபி கணபதிம்' கேளாத தமிழர் இருக்கமுடியாது. இவற்றை விரிக்கின் பெருகும்.

ஆசிரியராக அவர் விளங்கிய விதத்தைத்தான் நான் சிறப்பாகச் சொல்ல விழைகிறேன். அவருடைய மாணாக்கர் யார் யார்? தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் நட்டுவனார் குடும்பத்தினர். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்றைய பரதநாட்டியக் கச்சேரிக்கு முறை வகுத்தவர்கள் அவர்களே. வடிவேலு திருவாங்கூர் சுவாதித் திருநாள் அரசவையில் வயலின் வாசித்துப் புகழ் பெற்றார். திருவாரூர்க் கமலம் ஆடல் மகளிர் குலத்துப் பெண். சுத்தமத்தளம் தம்பியப்பன் கோயிலில் மத்தளம் வாசித்தவர்.

இந்தத் தம்பியப்பனைக் குறித்து ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவர் கடும் வயிற்று நோயால் வாடினார். வியாழ கிரகத்தின் தோஷம் என்று கருதிய தீட்சிதர், மந்திரம் ஓதினால் தீரும் என நம்பினார். ஆனால் தம்பியப்பனின் குலத்தார் மந்திரம் ஓத அக்கால வழக்கம் இடந்தரவில்லை. ஆசிரியர் என்ன செய்தார்? 'ப்ருஹஸ்பதே' என்னும் கிருதியை அடாணா இராகத்தில் இயற்றி, இதைப் பாடிவா என்று மாணாக்கரிடம் கொடுத்துவிட்டார். மந்திரத்துக்கு இருந்த தடை பாட்டுக்கு இல்லையே! கிரக நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. அது வேறு செய்தி. பிறப்பைக் காட்டி அடைக்கப்பட்ட கதவுக்கு அருகிலேயே ஒரு பலகணியைத் திறந்துவிட்ட அந்த மனத்தைப் பாருங்கள்.

1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில், தம்பி பாலுசுவாமி அரசவை வித்துவானாக இருந்த எட்டயபுரத்தில் தீட்சிதர் காலமானார். அவருடைய பாடல்கள் மாணாக்கரின் நாவிலும் குடும்பத்தாரின் ஏடுகளிலும் மட்டுமே இருந்தன. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரரும் அவருக்குத் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதரிடம் அச்செல்வம் வந்து சேர்ந்தது. அதை வெளியார்க்குத் தர அவருக்கு எளிதில் மனம் வரவில்லை. விடாது சென்று வேண்டி அவரை இசைய வைத்தவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணிபுரிந்த ஏ.எம். சின்னசாமி முதலியார். கீர்த்தனைகளை மேனாட்டு ஸ்வரக் குறியீட்டில் எழுதிக் காப்பதற்கே உழைத்துக் கண்பார்வை மங்கிப்போனவர் அவர். எட்டயபுரம் சமஸ்தானத்தின் பொருளுதவியுடன் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியபோது அதைக் காண அவர் உயிருடன் இல்லை. அந்த முதலியார் ஒரு கிறிஸ்தவர்.