மேளம் சுமக்கும் தோள்களுக்கு

கொழும்பு தெமட்டகொடையில், புகையிரதப் பாதைக்குச் சற்று அப்பால், சிறியதொரு வாடகை வீட்டில் குடியிருக்கும் தவில் கலைஞர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். வயது ஐம்பதை நெருங்குகிறது. வலிகாமத்தில் தோட்டம் செய்த குடும்பம். 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே எழுந்து நடந்தபோது அவரும் நடந்தார். தவிலைத் தோளிலும் தாயாரைக் கைத்தாங்கலிலும் கொண்டு வந்ததாகச் சொன்னார். இன்று பகலில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் தவில் வாசிக்கிறார்.

“பாதர், ஊரிலை மண்வெட்டி பிடிச்ச காலத்திலை விடிய விடிய அடிச்சாலும் தோள் உளையாது. இப்ப இரண்டு மணித்தியாலம் அடிச்சால் இரவு முழுக்கக் கை விறைக்குது. வயது போட்டுது போலை” என்றார்.

வயது மட்டுந்தான் காரணமா? நாம் அப்படி எண்ணவில்லை. ஊரில் அவர் நாள்தோறும் கொத்தினார், வெங்காயத்துக்குப் பாத்தி கட்டினார், மரவள்ளி கிண்டினார், தண்ணீர் மாறினார். அவருடைய தோளையும் நாரியையும் கால்களையும் வளர்த்தது அந்தத் தோட்டமே. நிலத்தை இழந்தபோது, அறியாமலே உடற்பயிற்சிக் களத்தையும் இழந்துவிட்டார். வாரம் முழுவதும் கதிரையில் இருந்த உடம்பு, திருவிழா நாளில் திடீரென ஒரு கமக்காரனின் பாரத்தைச் சுமக்கிறது. நோவு அங்கேதான் பிறக்கிறது.

மேளம் அடிப்பதும் உழைப்பே

தவிலின் உடல் பலா மரத்தில் குடையப்படுவது. ஊர்வலத்தில் அது நாடாவால் தோளில் தொங்கும். ஒரு கை விரல்களில் கடினமான கூடுகளை மாட்டி வலந்தலையில் வாசிக்க, மறு கை தடியால் தொப்பியில் அறைகிறது. இரண்டு கைக்கும் இரண்டு விதமான வேலை. பாரம் ஒரு தோளில் இழுக்க, நாரி மறுபக்கம் வளைந்து ஈடுகொடுக்கிறது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேரோடு செல்லும் மேளகாரரை எண்ணிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ‘புளொண்டி’ என்ற இசைக்குழுவின் மேளகாரர் கிளெம் பேர்க்கை இரண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2008இல் முடிவுகளை அறிவித்தனர். மேடையில் அவருடைய இதயம் சராசரியாக நிமிடத்துக்கு 140 முதல் 150 தடவை வரை துடித்தது; சிலவேளை 190 வரை ஏறியது. அது முதல்தர விளையாட்டு வீரர்களுக்கு ஒப்பான உழைப்பு என்றார்கள். விளையாட்டு வீரர் பயிற்சியின்றிக் களம் இறங்குவதில்லை. நம் மேளகாரர் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

வீட்டிலேயே செய்யக்கூடியவை

இதற்குப் பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு பாயும் ஒரு சுவரும் போதும்.

நடை: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் விரைவாக நடவுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தோள்: இரு தோள்களையும் முன்னாகப் பத்துத் தடவையும் பின்னாகப் பத்துத் தடவையும் சுழற்றுங்கள். பின்பு சுவரில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டி, பத்துத் தடவை உடம்பைத் தள்ளுங்கள்.

மணிக்கட்டு: கையை முன்னே நீட்டி, மறு கையால் விரல்களை மெல்லப் பின்புறம் இழுத்து, இருபது எண்ணும்வரை வைத்திருங்கள். பிறகு கீழ்ப்புறம் மடக்குங்கள். வலிக்குமளவுக்கு இழுக்க வேண்டாம்.

நாரியும் காலும்: கைபிடியாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து இருங்கள். பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி, இடுப்பைப் பத்துத் தடவை உயர்த்தி இறக்குங்கள்.

வாசிக்கு முன்: எடுத்தவுடன் வேகமாக அடிக்க வேண்டாம். ஐந்து பத்து நிமிடம் மெதுவான சொற்களை வாசித்துக் கையைச் சூடாக்குங்கள். இடைவேளையில் தவிலை இறக்கி வையுங்கள்; தண்ணீர் குடியுங்கள்.

நெஞ்சுநோ, இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைப்பது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதன் அடையாளமாயிருக்கலாம். எண்ணெய் பூசிச் சமாளிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நமது நண்பரையும் அவ்வாறே அனுப்பிவைத்தோம்.

காதையும் மறக்கலாகாது. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணித்தியாலம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் ஒரு மணித்தியாலமே. ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்காதிருப்பதும், பாமசியில் கிடைக்கும் காதடைப்பானை அணிவதும் நல்லது.

அழைப்போரின் கடமை

மேளகாரர் மட்டும் இதைச் செய்தால் போதாது. தவிலோ பறையோ, வாசிப்பவரை அழைக்கும் நாம் அவரை எப்படி நடத்துகிறோம்? விருந்தாளி பந்தியில் இருக்க, அவர் பசியோடு அடித்துக்கொண்டே நிற்கும் காட்சியைக் கண்டிருக்கிறோம். பறை அடிப்பவரை முற்றத்துக்கு வெளியே நிறுத்திய வெட்கக்கேடும் நம்முடையதே. இடம்பெயர்ந்த நாட்களில் நாம் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே கிடாரத்துக் கஞ்சியை வாங்கினோம். அந்த நாள் கற்பித்ததை மறக்கலாமா? மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஓய்வு, இருக்க ஒரு கதிரை, நேரத்துக்குச் சாப்பாடு, பேசிய கூலி: இவை தர்மமல்ல, உழைப்பவனின் உரிமை.

இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்குப் பேர்போன ஊர்கள். அளவெட்டி தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பைத் தமிழகமும் வியந்து கேட்டது. அந்த ஊர்களின் நாதம் இன்று கொழும்பின் வாடகை வீடுகளிலும் ஒலிக்கிறது. காணியைத் தூக்கிக்கொண்டு வர நம்மால் முடியவில்லை. தவிலைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதைச் சுமக்கும் தோளைக் காப்பது இனி நம் பொறுப்பு. நாளைக் காலை கால்மணி நேரம் ஒதுக்கித் தொடங்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள்.