லாரி ஏன் நண்டுபோல் நடக்கிறது?

நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது, முன்னால் செல்லும் சரக்கு லாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலான லாரிகளில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களை மறைத்தபடி நேராக உருளும். எப்போதாவது ஒரு லாரி மட்டும் வேறுவிதமாகப் போகும். முகம் ஒரு பக்கம், வால் இன்னொரு பக்கம் என்று உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு, ஆனாலும் சாலையோடு நேராகவே போய்க்கொண்டிருக்கும். பின்னால் வருபவருக்கு அதன் ஒரு பக்கப் பலகை நன்றாகத் தெரியும். கடற்கரையில் நண்டு நடப்பதுபோன்ற நடை அது.

வண்டி விபத்தில் அடிபட்டுச் சட்டமே வளைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் பல சமயங்களில் காரணம் மிகச் சிறியது: விரல் பருமனுள்ள ஒரு போல்ட் உடைந்திருக்கும். ஒரு போல்ட் உடைந்தால் பல டன் எடையுள்ள வண்டியின் நடை எப்படி மாறும்? இதை அறிய லாரியின் அடியில் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

பழைய நாளில் வசதியுள்ளவர்கள் வில் வண்டியில் போவார்கள். சாதாரணக் கட்டை வண்டியில் அச்சின்மேல் நேரடியாகப் பாரம் உட்காரும். வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளாலான வில் இருக்கும். லாரியின் அடியில் இருப்பதும் அதே வில்தான். நீளமான பட்டை மேலே, அதைவிடக் குட்டையானது அதன் கீழே, அதைவிடக் குட்டையானது அதற்கும் கீழே என்று பத்துப் பட்டைகள்கூட அடுக்கியிருப்பார்கள். இந்தியாவில் இரண்டு அச்சுகள் கொண்ட லாரியின் பின் அச்சு தாங்கலாம் என்று 2018இல் நிர்ணயித்த அளவு 11.5 டன். ஆகவே பின்னால் உள்ள ஒவ்வொரு வில்லும் ஏறக்குறைய 5 டன்னைச் சுமக்கிறது. ஒரு பெரிய ஆண் யானையின் எடை!

இவ்வளவு எடையைத் தாங்கத் தடிமனான ஒரே பட்டை போதாதா? இதற்கு விடை உங்கள் புத்தகப் பையில் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரு கைகளாலும் வளையுங்கள். எளிதாக வளைகிறது. வளையும்போது அதன் ஓரத்தைப் பாருங்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, ஓரம் சாய்வாகிவிடும். இப்போது புத்தகத்தின் எல்லா ஓரங்களிலும் கிளிப்புகளை இறுகப் போட்டுவிட்டு வளைத்துப் பாருங்கள். அதே தாள்கள்தான், ஆனால் பலகைபோல் விறைத்துக்கொள்ளும். ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 10 மடங்கு தடித்த ஒரே பட்டை 1000 மடங்கு விறைப்பாக இருக்கும். அதே எஃகைப் பத்து மெல்லிய பட்டைகளாக அடுக்கினால் விறைப்பு 10 மடங்குதான். அதாவது அடுக்கு 100 மடங்கு இளக்கமானது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. குழியில் இறங்கி ஏறிய வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இராமல் விரைவில் அடங்கிவிடும். துருப்பிடித்துப் பட்டைகள் ஒட்டிக்கொண்டாலோ, கிளிப் போட்ட நோட்டின் கதைதான்.

வில்லின் முன்நுனியில் மெயின் பட்டை வளையமாகச் சுருட்டப்பட்டு, சட்டத்தோடு ஒரு பின்னால் கோக்கப்பட்டிருக்கும். பின்நுனி அப்படியல்ல, அது ஷாக்கிள் என்னும் ஊசலாடும் துண்டில் மாட்டப்பட்டிருக்கும். வளைந்த வில்லைப் பாரம் அழுத்தும்போது அது நிமிர்கிறது, நிமிர்ந்தால் நீள்கிறது. நீளும் நுனிக்கு நகர இடம் வேண்டுமல்லவா?

வில்லுக்குச் சுமை தாங்கும் வேலை மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண லாரியில் அச்சு தன் இடத்தை விட்டு முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே வில்தான். பட்டைகள் எல்லாவற்றின் நடுவிலும் ஒரு துளையிட்டு அதில் சென்டர் போல்ட்டைச் செலுத்தியிருப்பார்கள். அதன் தலை அச்சின்மேல் உள்ள குழியில் உட்கார்ந்து, அச்சு இருக்கவேண்டிய இடத்தைக் காட்டும். அச்சையும் வில்லையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவது யு வடிவ போல்ட்டுகள். அவை தளர்ந்தால், பிரேக் போடும்போதும் புறப்படும்போதும் வரும் விசையெல்லாம் பாவம், சென்டர் போல்ட்டின் தலையில் விழுகிறது. ஒரு நாள் அது வெட்டுண்டு போகிறது. இடது பக்கம் இப்படி ஆனால் அச்சின் இடது முனை பின்னுக்கு நகரும். அச்சு சாய்ந்ததும் பின்சக்கரங்கள் இடப்பக்கம் நோக்கி உருளும். வண்டியின் வால் இடப்பக்கம் விலகும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடித்து வண்டியை நேராக ஓட்டுவார். நண்டு நடை வந்துவிட்டது!

யு போல்ட்டுகள் தளர்ந்தால் வேறொரு கேடும் உண்டு. பட்டைகளின் நடுப்பகுதி இறுக்கமாக இருக்கும்வரை அங்கே வளைவு ஏற்படாது. தளர்ந்ததும் அங்கேயும் வளையத் தொடங்கும். துளையிட்ட இடமே பட்டையின் வலுவற்ற இடம். அங்கே விரிசல் பிறக்கும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் உங்களுக்கு உறவினர் இருந்தால் ஒரு முறை அங்குள்ள லாரிப் பட்டறைகளைப் போய்ப் பாருங்கள். ஒரு பட்டறையில் உடைந்த பட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார் மெக்கானிக். முறிந்த முகத்தில் பாதி வழவழப்பாகவும் பழுப்பாகவும் இருந்தது. அலை வடிந்த மணலில் தெரியும் கோடுகள்போல் அதில் வளைவான வரிகள். மறுபாதி சொரசொரப்பாகப் பளபளத்தது. "பழுப்பா இருக்கறது எப்பவோ விட்ட விரிசலுங்க. மினுமினுன்னு இருக்கறதுதான் இன்னிக்கு உடைஞ்சது" என்றார். ஆய்வுக்கூட நிபுணரும் இதையேதான் சொல்வார்.

ஒரே அடியில் முறிக்க முடியாத எஃகு, சிறுசிறு வளைவுகள் லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதால் முறிவதை 'உலோகச் சோர்வு' என்கிறோம். லாரியின் வில் நொடிக்கு 2 முறை வளைந்து நிமிர்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 7,200. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 72,000. இரண்டு வாரத்தில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். இந்தச் சோர்வை மனிதன் அறிந்துகொண்டது பெருத்த விலை கொடுத்துத்தான். 1842 மே 8ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு வந்துகொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவப் பனிக்கடல்வரை கப்பலோட்டிப் பத்திரமாகத் திரும்பிய துமோன் துர்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடியும் குடும்பத்தோடு அந்த ரயிலில்தான் இறந்தார். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வேப் பொறியாளர் அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுழற்றிச் சோதித்தார். சுமை சற்றே கூடினாலும் ஆயுள் மிகப் பெரிதாகக் குறைகிறது என்பதை அவருடைய சோதனைகள் காட்டின.

பத்துப் பட்டைகளில் ஒன்று உடைந்த லாரியை இப்போது எண்ணிப் பாருங்கள். மீதி ஒன்பதின்மேல் ஏறும் கூடுதல் பாரம் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் அவற்றின் ஆயுள் பாதியாகக்கூடக் குறையலாம். 'ஒரு பட்டைதானே' என்று ஓட்டப்படும் வண்டியில் அடுத்த பட்டை சீக்கிரமே உடைவது இதனால்தான்.

நான் அங்கே இருந்தபோதே ஒரு ஓட்டுநர் வந்தார். முன் வில்லின் மெயின் பட்டையில், வளையத்துக்கு அருகில் விரிசல். "அண்ணா, இதுக்கு ஒரு வெல்டு வெச்சுக் குடுத்துருங்க. சேலம் வரைக்கும் போனாப் போதுமுங்க" என்றார். மெக்கானிக் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஓட்டுநருக்குக் கோபம், சரக்கு ஏற்றியாகிவிட்டது, நேரம் போகிறது. ஆனால் மறுத்ததுதான் சரி. வில் பட்டை, சிலிக்கனும் மாங்கனீசும் சேர்ந்த எஃகு. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பிறகு சிறு எஃகுக் குண்டுகளை அதன்மேல் மழைபோல் வீசி, மேற்பரப்பை இறுகச் செய்கிறார்கள். விரிசல் எளிதில் பிறக்காமலிருக்க இந்த ஏற்பாடு. வெல்டிங் தீ பட்ட நொடியில் இந்தப் பதமெல்லாம் போய்விடும். ஓரிடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடையும், அதை அடுத்த இடம் இளகிவிடும். ஒட்டு ஒருவேளை நிற்கும், பக்கத்தில் முறியும்.

முன் வில் முறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொன்னால்தான் அந்த மறுப்பின் அருமை புரியும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சட்டத்தில் பொருத்திய ஸ்டியரிங் பெட்டியிலிருந்து டிராப் ஆர்ம் என்னும் கை முன்னும் பின்னும் ஆடுகிறது. அது டிராக் லிங்க் என்ற தண்டைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. தண்டு ஒரு சக்கரத்தைத் திருப்ப, குறுக்கே போகும் டை ராடு மறு சக்கரத்தையும் திருப்புகிறது. கவனியுங்கள்: ஸ்டியரிங் பெட்டி இருப்பது சட்டத்தில், சக்கரங்கள் இருப்பது அச்சில், அச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது வில். மெயின் பட்டை வளையத்தருகே முறிந்தால் அச்சின் ஒரு முனை பின்னுக்குப் போகும். டிராக் லிங்கின் நீளமோ மாறாது. ஆகவே ஓட்டுநர் கையை அசைக்காமலே சக்கரம் திரும்பக்கூடும்! வில் உடைந்தது, ஆனால் கெட்டது ஸ்டியரிங். இந்த ஆபத்தை அறிந்துதான் பல வில்களில் இரண்டாம் பட்டையின் நுனியையும் மெயின் பட்டையின் வளையத்தைச் சுற்றி வளைத்துவிடுகிறார்கள். முதல் பட்டை முறிந்தாலும் இரண்டாவது அச்சை நழுவவிடாது. ஓரம் கட்டி நிறுத்த அவகாசம் கிடைக்கும். அதை நம்பிச் சேலம் போவதற்காக வைத்ததல்ல.

ஸ்டியரிங் தொடரில் தேய்வு பல இடங்களில் வரும். முக்கியமானது கிங் பின். கதவு கீலில் ஆடுவதுபோல் முன்சக்கரம் திரும்புவது இந்தச் செங்குத்துத் தண்டின்மேல்தான். அதைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்து, 20 சென்டிமீட்டர் உயரத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டதாகக் கொள்வோம். 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் அது இரண்டரை மில்லிமீட்டர் ஆட்டமாகப் பெருகும். நெம்புகோல் தத்துவம் இங்கே நமக்கு எதிரியாகிவிடுகிறது. மெக்கானிக் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஆடினால் கிங் பின்னா, சக்கரத்தின் பேரிங்கா? உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுகிறார். பிரேக் மிதித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் பகுதியும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங் பின்னில். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யும் இந்தச் சோதனையை எந்த அறிவியல் செய்முறைக்கும் இணையாக நான் மதிக்கிறேன்.

டை ராடு வளைந்தால் டயர் சொல்லிவிடும். ஒரு சக்கரம் போகவேண்டிய திசையிலிருந்து மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. 2,000 கிலோமீட்டர் ஓடிய டயரை 10 கிலோமீட்டர் தரையில் குறுக்காக இழுத்ததற்குச் சமம்! அந்த டயரைக் கையால் தடவினால், மீன் செதிலைத் தடவுவதுபோல் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் குத்தும். அதற்காக இரு முன்சக்கரங்களும் எப்போதும் இணையாக இருக்கவேண்டும் என்பதில்லை. திருப்பத்தில் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. உட்சக்கரம் 28 பாகை திரும்பும் ஒரு வளைவில், வெளிச்சக்கரம் 23 பாகை அளவுக்குத் திரும்பினால் போதும். இதற்கு வழி கண்டவர் மூனிச் நகரத்துக் குதிரை வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர், 1817இல். மறு ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆக்கர்மனின் பெயர்தான் இன்றும் நிலைத்திருக்கிறது!

பவர் ஸ்டியரிங் வந்தபின் ஓட்டுநரின் தோள்வலி குறைந்தது. ஆனால் தேய்ந்த மூட்டுகளின் நடுக்கம் முன்போல் கைக்கு அவ்வளவாக எட்டுவதில்லை. அதனால் வண்டிக்கு அடியில் போய்ப் பார்ப்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

அந்த ஓட்டுநர் கடைசியில் புதுப் பட்டை போட்டுக்கொண்டார். வேலை முடிந்ததும் மெக்கானிக் முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தார். பிறகு மறுபக்கம் போய் அதே கயிற்றை வைத்துப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. யு போல்ட்டுகளை நீண்ட ஸ்பேனரால் இறுக்கிவிட்டு, "சரக்கை இறக்கிட்டு வரும்போது வாங்க, மறுபடி இறுக்கணும்" என்றார். புதிய பட்டை மற்றவற்றோடு படிந்து அமரும்போது போல்ட்டுகள் சற்றுத் தளரும். ஓட்டுநர் அதற்கும் முணுமுணுத்தார். ஆனால் மூன்றாம் நாள் வந்து நின்றார்.