காயப்பட்டியலும் ஒரு கோப்பையும்

2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணி ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் கோப்பையை வாங்கியது. அதைப் பற்றி மெல்பர்னில் யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது ‘அதிசயம்’தான். பட்டியலில் ஏழாவது இடம், 62 வருஷம் கோப்பையைத் தொடாத கிளப், கேப்டனே ஆட முடியாத அணி. எப்படி ஜெயித்தார்கள் என்று வியப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. அவர்கள் ஜெயித்ததற்குக் காரணங்கள் அந்தப் பருவம் முழுக்கக் கண்முன்னே கிடந்தன. கோல் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் வேலை. மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். அந்த வருஷம் எங்கள் மாடியில் பாதிப் பேர் புல்டாக்ஸ் ஆட்கள். திங்கட்கிழமை காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று ஒருவரும் பேச மாட்டார்கள். யாருக்கு முட்டி போயிற்று, யாருக்குத் தொடைத் தசை கிழிந்தது, யார் எத்தனை வாரத்தில் திரும்புவார் என்பதுதான் பேச்சு. எண்பது வயதில் மனிதர்கள் உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். அது தங்கள் உடம்பாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் மைதானம்தான் களம். நீங்கள் பாக்ஸிங் டே டெஸ்ட் பார்க்கிற அதே எம்.சி.ஜி. குளிர்காலத்தில் இந்த ஃபுட்பாலுக்கு வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்து முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், வீசக் கூடாது. பந்தோடு ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டி எடுக்கவேண்டும். 15 மீட்டருக்குக் குறையாமல் உதைபட்டு வரும் பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அதற்கு ‘மார்க்’ என்று பெயர். பிடித்தவரை யாரும் தொடக்கூடாது, நிதானமாக உதைக்கலாம். அந்த மார்க்குக்காக அடுத்தவன் தோளில் முட்டியை ஊன்றி எகிறுவார்கள். முதல் தடவை பார்த்தபோது ‘யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்களேன்’ என்றுதான் எனக்குத் தோன்றியது.

களத்தின் இரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. அதற்கு வெளியே, ஓரக் கம்பத்துக்கு உள்ளே போனால் ‘பிஹைண்ட்’, ஒரு புள்ளி. கொஞ்சம் குறி தவறினால், கைநிறையாவிட்டாலும் ஏதோ கிடைக்கும். அந்தத் தாராளம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருபது நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தைத் தொடும். நடுக்கள ஆட்கள் ஒரு ஆட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ஹெல்மெட் கட்டாயமில்லை, கவசம் இல்லை. இதைத்தான் 2016-இல் வாராவாரம், மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, 22 தடவை ஆடவேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஃபைனல்ஸ். இப்போது சொல்லுங்கள், காயப்பட்டியலைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவது?

18 கிளப்புகள். பணக்கார கிளப்பே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாமல் இருக்க இரண்டு கடிவாளங்கள். எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. அப்புறம் ‘டிராஃப்ட்’: நாட்டில் வளர்ந்துவரும் பதினெட்டு வயதுப் பையன்களில் முதல் தேர்வு கடைசியாக வந்த அணிக்கு. ஏலச்சீட்டு மாதிரி, கட்டிக்கொண்டே வந்தால் என்றைக்காவது உன் முறை வரும் என்பது ஏற்பாடு.

புல்டாக்ஸ் வெகுகாலம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்போது கிளப்பின் பெயர் ஃபுட்ஸ்கிரே, அது பிறந்த பகுதியின் பெயரே. கயிறு ஆலை, வெடிமருந்துத் தொழிற்சாலை, இறைச்சிக் கூடங்கள் என்று மூச்சுமுட்டும் தொழிலாளர் பகுதி. 1925-இல் பெரிய லீகில் சேர்ந்தார்கள். 1954-இல் சார்லி சட்டன் கேப்டனும் பயிற்சியாளருமாக இருந்து மெல்பர்ன் அணியை 51 புள்ளி வித்தியாசத்தில் அடித்து முதல் கோப்பையை வாங்கினார்கள். 1961-இல் இன்னொரு இறுதி ஆட்டம், அதாவது கிராண்ட் ஃபைனல்; தோல்வி. அதன்பின் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டமான பிரிலிமினரி ஃபைனலில் 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010 என்று ஏழு தடவை தோற்றார்கள். 1997-இல் இரண்டே புள்ளி.

நடுவில் கிளப்பே போய்விடப் பார்த்தது. 1989-இல் கடன் தாங்காமல் ஃபிட்ஸ்ராய் என்ற கிளப்போடு இணைத்துவிட முடிவாயிற்று. பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் முன்னால் நிற்க, ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தகர டப்பாவோடு தெருத்தெருவாக இறங்கி, சில வாரங்களில் 15 லட்சம் டாலர் திரட்டிக் கிளப்பை மீட்டார்கள். எங்கள் மாடியில் இருந்த ஒரு பெரியவர் அந்த டப்பா தூக்கியவர்களில் ஒருவர். 1954 இறுதி ஆட்டத்தைப் பையனாகப் போய்ப் பார்த்தவரும் அவரே. இல்லத்தில் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பது விதி; அவரை மட்டும் பேர் சொல்ல எனக்கு நாக்கு எழாது, ‘சார்’ என்றுவிடுவேன். “சார் யாரு, லவ்? எங்க அப்பாகூட சார் இல்லையே” என்பார்.

2014 கடைசியில் நிலைமை மோசம். கேப்டன் ரயன் கிரிஃபன், சிட்னி மேற்கில் புதிதாகத் தொடங்கியிருந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயன்ட்ஸுக்குப் போகிறேன் என்றார். பயிற்சியாளரும் விலகினார். கிரிஃபனுக்குப் பதிலாக ஜயன்ட்ஸிடமிருந்து டாம் பாய்ட் என்ற 19 வயதுப் பையன் வந்தான். முந்தைய வருஷ டிராஃப்டில் முதல் தேர்வு. ஏழு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் என்று செய்தி. பத்து மீட்டர் தப்பாக உதைத்தாலும் ‘இதுக்கா பத்து லட்சம்’ என்று ஊரே கேட்டது. புதுப் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ், ஒரு அமெச்சூர் கிளப்பை மூன்று வருஷத்தில் மூன்று படி ஏற்றி மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பெரிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

2016 ஏப்ரல், மூன்றாவது சுற்று. எதிரே தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பை வாங்கியிருந்த ஹாதார்ன். கடைசி நிமிடங்களில் கேப்டன் பாப் மர்ஃபி ஒரு பந்துக்காகப் பின்னால் ஓடி எகிறினார். முட்டியின் லிகமென்ட் கிழிந்தது. ஆட்டமும் மூன்று புள்ளியில் போனது. மர்ஃபிக்கு 33 வயது. 2000-த்திலிருந்து அந்த ஒரே கிளப்புக்கு ஆடியவர். நான் முட்டி ஆபரேஷன் நோயாளிகளைப் பார்த்தவள். அந்த வயதில், அந்த விளையாட்டில், அந்த வருஷம் அவருக்கு முடிந்துவிட்டது என்பதற்கு ஸ்கேன் தேவையில்லை. அடுத்த வாரமே ஜேசன் ஜொஹானிசனுக்குத் தொடைத் தசை எலும்பிலிருந்து பிய்ந்தது. ஜூலையில் மிட்ச் வாலிஸின் கால் எலும்பு முறிந்தது; களத்தில் அவர் அலறியதைத் தொலைக்காட்சியில் கேட்ட எங்கள் பாட்டிகள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனது.

எல்லோரும் இதை அணியின் துரதிர்ஷ்டமாகவே எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு காயமும் ஓர் இடத்தைத் திறந்துவிட்டது. பெவரிட்ஜ் யாரையும் ஒரே இடத்துக்கு என்று வளர்க்கவில்லை. பின்களத்து ஆளை முன்னால் விடுவார், முன்னாலிருப்பவனை நடுவில் விடுவார். அதனால் ஒருவன் விழுந்தால் அந்த வேலையைச் செய்ய மூன்று பேர் இருந்தார்கள். ஜூலையில் சிட்னி ஸ்வான்ஸை அவர்கள் சொந்த மைதானத்திலேயே நான்கு புள்ளியில் ஜெயித்தபோது கடைசி நொடிகளில் கோல் போட்டது யார்? காயத்திலிருந்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்த ஜொஹானிசன். அவ்வளவு பேர் அடிபட்ட அந்த வருஷம் ஃபுட்ஸ்கிரே என்ற பழைய பெயரில் ஆடிய இரண்டாம் அணியும் விக்டோரியா மாநில லீக் கோப்பையை வாங்கியது என்பதைச் சொன்னால், அதிசயக் கட்சிக்காரர்கள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள்.

ஏழாவது இடம் என்பதையும் பார்த்துவிடலாம். 22 ஆட்டம் முடிந்தபோது முதல் மூன்று அணிகளுக்குத் தலா 17 வெற்றி, அடுத்த மூன்று அணிகளுக்கு 16, புல்டாக்ஸுக்கு 15. முதலிடத்துக்கும் ஏழாமிடத்துக்கும் நடுவே இரண்டே வெற்றி! எட்டாமிடத்துக்கு வந்த நார்த் மெல்பர்னுக்கு 12தான். ஏழாமிடம் என்றால் தூரம் என்று நினைத்தவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை.

அப்போது முதல் எட்டு அணிகள் ஃபைனல்ஸுக்குப் போகும். முதல் நால்வருக்கு ஒரு தோல்வி மன்னிப்பு உண்டு. ஐந்திலிருந்து எட்டு வரை ஒரு தடவை தோற்றால் வீடு. புல்டாக்ஸ் நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்கவேண்டும். முதல் ஆட்டமே நாட்டின் மறுகோடியான பெர்த்தில். ஆனால் அந்த வருஷம் லீக் நிர்வாகம் புதிதாக ஒரு காரியம் செய்தது: ஃபைனல்ஸுக்கு முன் ஒரு வார ஓய்வு. காயத்தில் இருந்த ஜாக் மக்ரேயும் டாம் லிபரட்டோரும் அந்த ஒரு வாரத்தால்தான் திரும்பிவந்தார்கள். அந்த ஓய்வை மட்டும் உண்மையான அதிர்ஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

பெர்த்தில் வெஸ்ட் கோஸ்டை 47 புள்ளியில் அடித்தார்கள். அடுத்த வாரம் ஹாதார்னை 23 புள்ளியில். மூன்று வருஷ ராஜாங்கம் அன்றிரவு முடிந்தது. பிரிலிமினரி ஃபைனல் சிட்னியில், கிரிஃபன் போய்ச்சேர்ந்த அதே ஜயன்ட்ஸோடு. ஹ்யூம் நெடுஞ்சாலையில் சிவப்பு வெள்ளை நீல ஸ்கார்ஃப் தொங்கவிட்ட கார்கள் வரிசையாக வடக்கே போயின. மூன்று தடவை முட்டி ஆபரேஷன் ஆன கிளே ஸ்மித் நான்கு கோல் போட்டார். கடைசிக் கால்பகுதியில் முன்னிலை தந்த கோல் மக்ரேயினுடையது. ஆறு புள்ளி வித்தியாசம். எங்கள் மாடியில் அன்று இரவு யாருக்கும் தூக்க மாத்திரை வேலை செய்யவில்லை.

அக்டோபர் 1, கிராண்ட் ஃபைனல், எதிரே சிட்னி ஸ்வான்ஸ். எம்.சி.ஜி.யில் 99,981 பேர். எனக்கு அன்று மதியம் ஷிஃப்ட். பொது அறையில் நாற்காலிகளை நான்தான் போட்டேன். அரைமணிக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்வந்தேன். மூன்றாம் கால்பகுதி முடிவில் எட்டுப் புள்ளி முன்னிலை. எட்டு என்றால் ஒரு கோலும் இரண்டு பிஹைண்டும், ஒன்றுமே இல்லை. கடைசிக் கட்டத்தில் ஜொஹானிசன் உதைத்த பந்து கோல் என்று ஊர் குதித்த பிறகு, மறுஆய்வில் யாரோ விரலால் தொட்டதாகச் சொல்லி எடுத்துவிட்டார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு பிரிலிமினரி பார்த்த முகம் அது.

அப்புறம்தான் டேல் மாரிஸ். 33 வயது, முதுகெலும்பில் முறிவோடு ஆடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. ஸ்வான்ஸின் லான்ஸ் ஃபிராங்க்ளின், அன்றைக்கு லீகிலேயே பெரிய பெயர், பந்தோடு திரும்புகையில் மாரிஸ் பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடித்து வீழ்த்தினார். பந்து சிதறி டாம் பாய்டின் கைக்கு வந்தது. பத்து லட்சம் என்று கேலிபட்ட அதே பையன் நடுக்களத்துக்கு அருகிலிருந்து நெடுந்தூரம் உதைத்தான். ஆளில்லாத முனையில் பந்து எகிறி, புரண்டு, கம்பங்களுக்கு நடுவே போயிற்று. 13 கோல் 11 பிஹைண்ட், மொத்தம் 89, ஸ்வான்ஸ் 67. சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ஜொஹானிசனுக்கு. ஃப்ரீ கிக் கணக்கு 20–8 என்று புல்டாக்ஸ் பக்கம் சாய்ந்திருந்ததை ஸ்வான்ஸ்காரர்கள் இன்றும் விடவில்லை. அவர்கள் புலம்பலில் நியாயம் இல்லாமலில்லை.

மேடையில் பெவரிட்ஜ், கோப்பை வென்ற பயிற்சியாளர் என்று தனக்குக் கிடைத்த ஜாக் மெக்ஹேல் பதக்கத்தைக் கழற்றி, மூன்றாவது சுற்றோடு உட்கார்ந்துவிட்ட மர்ஃபியைக் கூப்பிட்டு அவர் கழுத்தில் போட்டார். தற்காலிகக் கேப்டன் ஈஸ்டன் வுட், பெவரிட்ஜ், மர்ஃபி மூவரும் கோப்பையைத் தூக்கினார்கள். பொது அறையில் அழாதவர் யாரும் இல்லை, என்னைச் சேர்த்துத்தான். “பாத்தியா லவ், ரெண்டாவது” என்றார் பெரியவர், ஏதோ வருஷாவருஷம் வருவது போல.

மறுவருஷம் புல்டாக்ஸ் பத்தாவது இடம், ஃபைனல்ஸே இல்லை. டாம் பாய்ட் மன அழுத்தத்தால் சில காலம் ஆடாமல் இருந்து, 2019-இல் 23 வயதில் விளையாட்டையே விட்டான். அவன் பட்டதைக் காயப்பட்டியலில் எழுதும் பழக்கம் 2016-இல் யாருக்கும் இல்லை. 2017 கோப்பையை 37 வருஷம் காத்திருந்த ரிச்மண்ட் வாங்கியது. 2021-இல் மெல்பர்ன் அணி, 1954-இல் தோற்ற அதே அணி, 57 வருஷத்துக்குப் பிறகு ஜெயித்தது. எதிரே புல்டாக்ஸ், 74 புள்ளி வித்தியாசம். சீட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது எங்கள் மாடியில் இருப்பவர் செயின்ட் கில்டாக்காரப் பாட்டி. அந்தக் கிளப் வாங்கிய ஒரே கோப்பை 1966-இல், அதுவும் ஒரே ஒரு புள்ளியில். ‘உங்களுக்கும் ஒரு நாள் வரும்’ என்று ஆறுதல் சொன்னேன். அதை விடு, இந்த வாரம் யாருக்கு முட்டி போச்சு, அதைச் சொல்லு என்றார்.