உங்களுக்குத் தெரியுமா? நாரதர் வேடத்தில் பிறந்த பத்திரிகை!

தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’. 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசுவார். நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். மற்றவர்கள் இந்தியில்! ஒரே படம், மூன்று மொழி. ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்!

அதே படத்தில் ஒரு நடிகர், எல்.வி.பிரசாத். இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’விலும் நடித்தவர். முதல் தெலுங்குப் பேசும் படம் ‘பக்த பிரகலாதா’விலும் நடித்தவர். மூன்று மொழிகளின் முதல் பேசும் படத்திலும் ஒரே முகம்! சாலிகிராமம் பிரசாத் ஸ்டுடியோவின் பிரசாத் யார் என்கிறீர்கள்? இவரேதான்!

ராஜலட்சுமி மட்டும் என்ன சும்மாவா? 1936-ல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தானே இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர்!

திருச்சியில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ல் ஊருக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை அப்படியே விலைக்கு வாங்கிவிட்டார். வேலைக்கு முழுக்கு! ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் அவருடைய ‘வெரைட்டி ஹால்’ தியேட்டர் எழுந்தது. கருவியின் விலை? 2,250 ரூபாய்!

1935-ல் ‘நந்தனார்’ படம். நந்தனாராக நடித்தவர் ஒரு பெண், கே.பி.சுந்தராம்பாள். சம்பளத்தைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். ஒரு லட்சம் ரூபாய்!

ஆண் வேடம் என்றதும் இன்னொன்று. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை! 1941-ல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக வந்தவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. ஆமாம், எம்.எஸ். அம்மாவேதான்! எதற்காக அந்த வேடம்? கணவர் சதாசிவமும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் ஒரு பத்திரிகை ஆரம்பிக்க வேண்டும். கையில் முதல் இல்லை. அந்தச் சம்பளம்தான் முதல்! அதே ஆண்டில் ‘கல்கி’ இதழ் பிறந்தது.

அதே இதழில்தான் 1950 அக்டோபரில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதை தொடங்கியது. கதைநாயகன் வந்தியத்தேவன் குதிரையேறி வீராணம் ஏரிக்கரையில் வந்தது எம்.எஸ். போட்ட நாரதர் வேடத்தால் என்று நான் அடித்துச் சொல்வேன்!

தொடர் முடிந்தது 1954-ல். படமாக்க எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டார், நடக்கவில்லை. மணிரத்னம் முதல் பாகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது 2022-ல். நடுவில் 68 வருஷம்!

எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய படம் எது? ‘சதிலீலாவதி’, 1936. இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன், அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது! ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ எல்லாம் இவர் கைவண்ணம்தான். தமிழ் தெரியாமலே!

‘சதிலீலாவதி’யின் கதை எஸ்.எஸ்.வாசன் எழுதியது. ‘ஆனந்த விகடன்’ வாசன்தான். அவரே பிறகு ஜெமினி ஸ்டுடியோ முதலாளியாகி, 1948-ல் ‘சந்திரலேகா’ எடுத்தார். அதில் வரும் முரசு நடனத்தை இப்போது போட்டுப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் முரசுகள், வரிசை வரிசையாக. முரசுத் தோலின் மேலேயே பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்த மறுநொடி முரசுகளுக்கு உள்ளேயிருந்து வீரர்கள் குதிக்கிறார்கள்! கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது. எல்லாம் நிஜ ஆட்கள். இதை மிஞ்ச இன்றுவரை ஒரு காட்சி வரவில்லை என்பது என் கட்சி. ஆடியவர்கள் 400 பேர்!

‘சந்திரலேகா’ என்ற அதே பெயரில் சன் டி.வி.யில் ஒரு சீரியல் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? 2014-ல் ஆரம்பித்து 2022 வரை. எத்தனை எபிசோடு? 2,300-க்கும் மேலே!

ஹீரோவை முதல் காட்சியிலேயே சுட்டுக் கொன்றுவிட்ட தமிழ்ப் படம் தெரியுமா? ‘அந்த நாள்’, 1954. சாகிறவர் சிவாஜி கணேசன்! துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சாய்கிறார், அதற்குப் பிறகுதான் கதையே. படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். சரி, இயக்குநருக்குச் சங்கீதம் பிடிக்காதோ என்று நினைப்பீர்கள். இயக்கியவர் வீணை எஸ்.பாலசந்தர்! வீணையில் உலகம் சுற்றிய வித்வான், பாட்டில்லாத படம் எடுத்தார்!

‘பேசும் படம்’ என்று ஒரு படம். 1987. கமல்ஹாசன் நாயகன். பேசும் படத்தில் வசனம் எத்தனை? பூஜ்யம்!

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கும்போது என் பெரியம்மா திரையைப் பார்த்துக் கும்பிடுவார். கன்னம் உப்புவது, கழுத்து நரம்பு புடைப்பது, சீவாளியிலிருந்து வாயை எடுத்து மூச்சு வாங்குவது, விரல் துளைக்குத் துளை தாவுவது, எல்லாம் அச்சு அசல். ஆனால் நம் காதில் விழுந்த வாசிப்பு மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது! பெரியம்மாவிடம் நான் இதைச் சொல்லவே இல்லை.

அந்தப் படத்தில் தவில் வித்வானாக வந்து வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தாரே டி.எஸ்.பாலையா, அவருக்கும் முதல் படம் அதே ‘சதிலீலாவதி’தான்!

எழுத்தாளர் சுஜாதாவின் நிஜப் பெயர் ரங்கராஜன். சுஜாதா அவர் மனைவி பெயர். இது எல்லோருக்கும் தெரியும். வாக்குச்சாவடியில் ‘பீப்’ என்று ஒலிக்கிறதே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் யார்? ‘கணேஷ் – வசந்த்’ துப்பறியும் கதைகளை எழுதிய அதே கை!

ரஜினியின் ‘முத்து’ 1998-ல் டோக்கியோ போனது. ஜப்பானில் வைத்த பெயருக்கு அர்த்தம் ‘ஆடும் மகாராஜா’. ஷிபுயாவில் ஒரே தியேட்டரில் 23 வாரம்!

சன் டி.வி.யில் நாம் கண்கொட்டாமல் பார்த்த ‘பாட்டுக்குப் பாட்டு’ பிறந்தது இலங்கை வானொலியில்! பி.எச்.அப்துல் ஹமீது கடல் கடந்து கொண்டுவந்தது. அந்த வானொலியின் வயசு தெரியுமா? ஆரம்பித்தது 1925-ல்!

கடைசியாக, கின்னஸ் புத்தகம். 2016-ல் ஒரு தெலுங்குக்காரப் பெண்மணியின் பெயர் அதில் ஏறியது. தமிழ் உச்சரிப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ‘ழ’வும் ‘ற’வும் அவர் வாயில் தேனாக உருளும். பி.சுசீலா! கின்னஸ் எண்ணிச் சொன்ன பாடல்கள் 17,695. இன்றைக்கே ஆரம்பித்து நாளுக்கு ஒரு பாட்டு என்று கேட்டால், கடைசிப் பாட்டுக்கு வந்து சேர 48 வருஷம் ஆகும்!