மேடையேறும் எழுத்தாளருக்கு என்ன ஊதியம்?

இலக்கியத் திருவிழாவின் ஒரு நாள், எந்த நாட்டில் நடந்தாலும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டதாகவே இருக்கிறது. மேடையில் ஓர் எழுத்தாளர். அவரிடம் கேள்வி கேட்க மற்றொருவர். நாற்பது நிமிட உரையாடல். நடுவே நூலிலிருந்து இரண்டு மூன்று பக்கங்கள் வாசிப்பு. இறுதிப் பத்து நிமிடங்கள் அவையினரின் கேள்விகள். (அவற்றுள் பாதி, கேள்விகளாக இல்லாமல் சிற்றுரைகளாக இருக்கும் என்பதும் உலகப் பொதுமைதான்.) பிறகு எழுத்தாளர் புத்தகக் கடைக்கு அருகிலுள்ள மேசையில் அமர்ந்து கையொப்பமிடுவார். அதே நேரத்தில் பக்கத்துப் பந்தல்களில் வேறு சில அமர்வுகள் நடந்துகொண்டிருக்கும்.

இந்த ஒரு நாளுக்கு ஆகும் செலவை யார் ஏற்கிறார்கள், வரும் பணம் யாரிடம் சேர்கிறது என்பது பொதுவாக எழுப்பப்படாத கேள்வி. இலக்கியக் கூட்டத்தில் கணக்குக் கேட்பது நாகரிகமன்று என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இரு வேறு முன்மாதிரிகளைக் காண்போம். வேல்ஸ் நாட்டின் எல்லையோரத்தில் உள்ள ஹே என்னும் சிற்றூரின் மக்கள்தொகை சுமார் 2,000. பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் 1988-இல் தொடங்கிய விழாவில் ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும். ஜெய்ப்பூர் இலக்கியத் திருவிழாவின் வழி வேறு. 2006-இல் சிறிய அளவில் தொடங்கி, டிக்கி அரண்மனை வளாகத்தில் வளர்ந்த அவ்விழா, பொதுமக்களுக்குக் கட்டணமில்லா அனுமதி என்பதையே தன் அடையாளமாகக் கொண்டது. கோழிக்கோடு கடற்கரையில் 2016 முதல் நடைபெறும் கேரள இலக்கியத் திருவிழாவிலும் மணலில் நடந்து வரும் எவரும் பந்தலுக்குள் அமர்ந்துவிடலாம்.

சீட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் வரவு செலவை ஈடுகட்டப் புரவலர் தேவைப்படுகிறார். அந்தச் சார்பு எளிதானதன்று. 2024 மே மாதத்தில், புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களிலும் இஸ்ரேலுடன் தொடர்புடைய நிறுவனங்களிலும் முதலீடு செய்திருப்பதாகக் கூறி, பெய்லி கிஃப்போர்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஆதரவைக் கைவிடுமாறு எழுத்தாளர்கள் சிலர் வலியுறுத்தினர். பேச வேண்டிய சிலர் விலகினர். ஹே விழா, அது நடந்துகொண்டிருந்தபோதே அந்நிறுவனத்தின் ஆதரவை நிறுத்திவைத்தது. எடின்பரோ புத்தகத் திருவிழாவும் சில நாள்களில் அதே முடிவுக்கு வந்தது. கொள்கை வென்றது, விழாக்களின் வரவில் பள்ளம் விழுந்தது. அப்பள்ளத்தை யார் நிரப்புவது என்பதற்கு எவரிடமும் தெளிவான விடை இல்லை.

இத்தகைய விழா ஏன் தன் காலில் நிற்க முடிவதில்லை? இதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் 1966-இல் வெளியிட்ட நிகழ்த்துகலைகள் பற்றிய நூலில் அதை முன்வைத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு தறியில் ஒரு நாளில் நெய்த துணியைப்போலப் பன்மடங்கை இன்றைய இயந்திரம் நெய்கிறது. ஆகவே தொழிலாளியின் ஊதியம் உயர்ந்தாலும் துணியின் விலை அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஆனால், ஒரு மணி நேரக் கச்சேரிக்கு அன்றும் ஒரு மணி நேரம் தேவை. இன்றும் அதே ஒரு மணி நேரம் தேவை. பிற துறைகளில் ஊதியம் உயர உயர, கலை நிகழ்ச்சியின் ஒப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகும். ஓர் எழுத்தாளர் தம் கதையை உரக்க வாசிப்பதை எந்த இயந்திரமும் விரைவுபடுத்த முடியாது. விரைவுபடுத்தினால் அது வாசிப்பாக இராது. பந்தல், ஒலிபெருக்கி, விமானச் சீட்டு, தங்கும் விடுதி ஆகியவற்றின் கட்டணம் ஆண்டுதோறும் உயர்கிறது. சுருக்குவதற்கு வாய்ப்புள்ள ஒரே செலவினமாக எஞ்சி நிற்பது எழுத்தாளரின் மதிப்பூதியம்.

இது கற்பனை அன்று. 2016 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு இலக்கியத் திருவிழாவின் காப்பாளர் பொறுப்பிலிருந்து நாவலாசிரியர் பிலிப் புல்மன் விலகினார். அவர் அப்போது பிரிட்டிஷ் எழுத்தாளர் சங்கத்தின் தலைவர். பேச வரும் எழுத்தாளர்களுக்கு அவ்விழா ஊதியம் தருவதில்லை என்பதே அவர் விலகியதற்குக் காரணம். பந்தல் போடுபவருக்கும் உணவு வழங்குபவருக்கும் பணம் உண்டு. யாரைக் காண மக்கள் சீட்டு வாங்கி வருகிறார்களோ அவருக்கு மட்டும் இல்லை.

'மேடை கிடைப்பதே விளம்பரம். புத்தகம் விற்கும் அல்லவா?' என்பது வழக்கமான மறுமொழி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 ரூபாய் நூலுக்குப் பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்றால் ஒரு படிக்கு 30 ரூபாய். 3,000 ரூபாய் ஈட்ட வேண்டுமானால் கையொப்ப மேசையில் 100 படிகள் விற்றாக வேண்டும். அதற்காக அவர் செலவிட்டதோ பயணத்தையும் சேர்த்து இரண்டு நாள்கள். நட்சத்திரங்களுக்கு 100 படிகள் எளிது. மற்றவர்களுக்கு இருபது விற்றால் நல்ல நாள். ஷெர்வின் ரோசன் 1981-இல் எழுதிய 'உச்ச நட்சத்திரங்களின் பொருளியல்' குறித்த கட்டுரை இதைத்தான் விளக்குகிறது: திறமையில் உள்ள சிறு வேறுபாடு, வருவாயில் மலையளவு வேறுபாடாகிவிடுகிறது. திரைக்கலைஞரோ கிரிக்கெட் வீரரோ பக்கத்துப் பந்தலில் பேசும் நேரத்தில் ஒரு கவிஞரின் அமர்வுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் ஆண்டு இடைநிலை வருவாய் 2006-இல் 12,330 பவுண்டாக இருந்தது. 2022-இல் 7,000 பவுண்டாகக் குறைந்தது. நூல் வருவாய் சுருங்கச் சுருங்க, மேடை ஊதியம் பிழைப்பின் ஒரு பகுதியாகிறது. இதற்கு முன்னோடி சார்லஸ் டிக்கன்ஸ். அவர் காலத்தில் அமெரிக்காவில் அயல்நாட்டு நூல்களுக்குப் பதிப்புரிமை இல்லை. 1891-இல்தான் சட்டம் வந்தது. அங்கு அவர் நூல்கள் பல்லாயிரக்கணக்கில் அச்சாயின. ஆனால், அவருக்குச் சட்டப்படி எந்த உரிமைத்தொகையும் இல்லை. நூலைத் திருடலாம், குரலைத் திருட முடியாதல்லவா? 1867 டிசம்பர் தொடங்கி ஐந்து மாதங்களில் அமெரிக்காவில் 76 முறை மேடையேறி வாசித்து, சுமார் 19,000 பவுண்டு ஈட்டினார். அந்த உழைப்பு அவருடைய உடல்நலத்தைக் குலைத்தது. 1870-இல், 58 வயதில் மறைந்தார்.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் பெர்லின், ஹாம்பர்க் போன்ற நகரங்களில் உள்ள 'இலக்கிய இல்லங்கள்' ஆண்டு முழுவதும் கட்டண வாசிப்புகளை நடத்துகின்றன. வாசிக்கும் எழுத்தாளருக்கு மதிப்பூதியம் உண்டு. எடின்பரோ விழாவில் உலகப் புகழ் பெற்றவருக்கும் முதல் நூல் எழுதியவருக்கும் ஒரே தொகைதான். ரோசன் கூறிய நட்சத்திர விதியை அந்த ஒரு மேடையிலாவது செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு அது. பொருளியல் நோக்கில் சிலர் அதைக் குறை கூறலாம். எனக்கு அது மிகச் சரியாகவே படுகிறது.

தமிழ்நாட்டில் 2022 முதல் அரசு பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என ஆறுகளின் பெயரால் இலக்கியத் திருவிழாக்களை நடத்திவருகிறது. மாவட்டந்தோறும் நடைபெறும் புத்தகத் திருவிழாக்களின் மாலை மேடைகளும் உள்ளன. இங்கு விந்தையான ஒன்றைக் காணலாம். பேச்சுக்குப் பணம் தருவது நமக்குப் புதிதன்று. கதாகாலட்சேபம் செய்தவருக்குச் சம்பாவனை உண்டு. பட்டிமன்ற நடுவருக்குத் தொகை பேசி முன்பணமும் தருகிறோம். ஆனால் நாவலாசிரியரோ கவிஞரோ வந்தால், பொன்னாடையும் நினைவுப்பரிசும் போதும் எனக் கருதும் அமைப்பாளர்கள் இன்றும் பலர். பேருந்துக் கட்டணத்தை அவரே கேட்டுப் பெறும் நிலைக்குத் தள்ளுவோரும் உண்டு. பேச்சை உழைப்பாகக் கருதும் நாம், எழுத்தை மட்டும் தொண்டாகக் கருதுகிறோம்.

அரசு நடத்தும் விழாக்களில் இதை மாற்றுவது கடினமன்று. ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரே மதிப்பூதியம் என்று முடிவு செய்து, அத்தொகையை அழைப்புக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடலாம். நிகழ்ச்சி முடிந்த அன்றே அது வங்கிக் கணக்கில் சேர வேண்டும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், பந்தலின் அலங்கார வளைவிலிருந்து தொடங்கலாம்.