அடிகளை எண்ணினால் போதுமா?

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்தம் இழப்பை எங்ஙனம் அளப்பது?

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வாழ்க்கைத்தர வினாத்தாள் ஒன்று 26 வினாக்களால் உடல், உள்ளம், உறவு, சூழல் ஆகிய நான்கையும் ஆராய்கின்றது. உறக்கம், தன்மதிப்பு, நண்பர் துணை, அச்சமற்ற அன்றாட வாழ்வு ஆகியவற்றை அது வினவுகின்றது. காயம் ஆறலாம், இவை எளிதில் மீள்வதில்லை. சொல்லாலும் பொருளாலும் வருத்துவதும் வன்முறையே என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டம்.

ஓட்டப்பிடாரமாயினும் கடலோரச் சிற்றூராயினும், துயருற்று வரும் சகோதரியிடம் "பொறுத்துக்கொள்" என்பதை விடுத்து, "நிம்மதியாய் உறங்கினாயா, அம்மா?" என்று வினவுவோம். 181 என்னும் உதவி எண்ணையும் அவளுக்கு உரைப்போம்.