இராமானுசரும் யாதவப்பிரகாசரும்: குருபரம்பரை நூல்களில் ஆசிரியப் பற்று நீங்கும் முறை

ஆய்வுச் சுருக்கம்

ஆசாரியரை இறைவனுக்கு நிகராகப் போற்றுவது வைணவ மரபு. அம்மரபே தன் தலையாய ஆசாரியரான இராமானுசரின் வரலாற்றை, அவர் தம் முதல் ஆசிரியரிடமிருந்து பிரிந்த நிகழ்ச்சியைக் கொண்டு கட்டமைக்கிறது. ஆசிரியப் பற்றை அறமாகக் கொண்ட மரபு, ஆசிரியரை விட்டு நீங்குதலை எவ்வாறு நியாயப்படுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. யாதவப்பிரகாசர், திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான் ஆகிய மூவரோடு இராமானுசருக்கு ஏற்பட்ட பிணக்குகளை ஒப்பிட்டு, பொருள் வேறுபாடு பற்று நீங்கக் காரணமாகவில்லை என்பதும், அவ்வேறுபாட்டை ஆசிரியர் எதிர்கொண்ட முறையே காரணமாயிற்று என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இராமானுசர், யாதவப்பிரகாசர், குருபரம்பரை, ஆசாரிய பக்தி, திருப்பெரும்புதூர், நன்னூல்.

முன்னுரை

ஒரகடம் – திருப்பெரும்புதூர் வட்டாரம் இன்று மகிழுந்துத் தொழிற்சாலைகளாலும் மின்னணுத் தொழிற்சாலைகளாலும் அறியப்படுகிறது. தொழில் வழித்தடமாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வைணவ உலகில் திருப்பெரும்புதூர் பெற்றிருந்த பெருமைக்குக் காரணம், அது இராமானுசர் பிறந்த ஊர் என்பதாகும். மரபு வழங்கும் கணக்கின்படி அவர் கி.பி. 1017இல் சித்திரைத் திருவாதிரையில் பிறந்தார். 2017இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவருடைய திருவுருவம் அவர் வாழ்ந்த காலத்திலேயே நிறுவப்பட்டது என்னும் நம்பிக்கையால் ‘தானுகந்த திருமேனி’ என வழங்குகிறது.

இவ்வூரிலிருந்து புறப்பட்ட இளைஞர் முதலில் சென்று சேர்ந்த இடம் திருவரங்கம் அன்று. காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள திருப்புட்குழி ஆகும். அங்கே வேதாந்தம் பயிற்றிய யாதவப்பிரகாசரிடம் அவர் மாணவரானார். அந்த உறவு முறிந்த கதையைப் பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி குருபரம்பராப் பிரபாவம் முதலான நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. நிகழ்ச்சிகளின் வரிசையும் விவரமும் நூலுக்கு நூல் சற்றே மாறுகின்றன; அடிப்படைக் கதை மாறுவதில்லை.

சான்றுகளின் தன்மை

இச்சான்றுகளைக் கையாள்வதில் மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ஆறாயிரப்படி இராமானுசர் காலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டேனும் பிற்பட்டது. இரண்டாவது, கதையைச் சொல்வோர் மாணவரின் வழிவந்தோர். யாதவப்பிரகாசரின் வேதாந்த நூல்கள் இன்று கிடைக்கவில்லை. அவருடைய கொள்கை, அதை மறுத்தோர் எடுத்துரைத்த அளவிலேயே தெரியவருகிறது. மூன்றாவது, பிற்கால வழக்கு அவரை அத்வைதி என்று பொதுவாகக் குறிப்பிடுகிறது. ஆனால், இராமானுசர் வேதார்த்த சங்கிரகத்தில் மறுக்கும் மூன்று கொள்கைகளை உரைமரபு சங்கரர், பாற்கரர், யாதவப்பிரகாசர் ஆகியோருடையனவாகத் தனித்தனியே இனங்காண்கிறது. யாதவப்பிரகாசரின் கொள்கை வேற்றுமையும் ஒற்றுமையும் ஒருங்கே உண்மை எனக் கொள்ளும் பேதாபேதம் ஆகும். ஆகவே, கதை மரபு எதிர்த்தரப்பை எளிமைப்படுத்தியுள்ளது என்பது தெளிவு. இக்கட்டுரை இந்நூல்களை நிகழ்ந்தவற்றின் பதிவாகக் கொள்ளவில்லை. ஆசிரியர் – மாணவர் உறவு பற்றி அம்மரபு கொண்டிருந்த எண்ணத்தின் பதிவாகவே கொள்கிறது.

பற்று நீங்கிய படிநிலைகள்

இராமானுசர் யாதவப்பிரகாசரிடமிருந்து ஒரே நாளில் பிரியவில்லை. கதையில் நான்கு படிநிலைகளைக் காணலாம்.

முதற்படி மனவருத்தம். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களுக்கு உவமையாக வரும் தாமரையைச் சிறப்பிக்கும் ‘கப்யாசம்’ என்னும் சொல்லுக்கு, ஆசிரியர் குரங்கின் பின்புறத்தோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறினார். அப்போது அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் அவர் தொடையில் சுடச்சுட விழுந்தது என்பது கதை. பணிவிடையின் நடுவிலேயே கண்ணீர் வருவது கருதத்தக்கது. எதிர்ப்புத் தோன்றும்போதும் தொண்டு நிற்கவில்லை. காரணம் கேட்கப்பட்ட பின்னரே, கதிரவனால் மலரும் தாமரை என்னும் மாற்றுப் பொருளை மாணவர் கூறுகிறார்.

இரண்டாம் படி கருத்து மாறுபாடு. மெய்ம்மை, அறிவு, எல்லையின்மை எனத் தைத்திரீய உபநிடதம் கூறுவன பிரம்மத்தின் இயல்பே என்பதா, பிரம்மத்துக்குரிய பண்புகள் என்பதா என்னும் வினாவில் இருவரும் வேறுபட்டனர். இங்குப் பிணக்கு ஒரு சொல்லின் பொருளோடு நில்லாமல் தத்துவத்தின் அடிப்படைக்குச் செல்கிறது.

மூன்றாம் படி நம்பிக்கைத் துரோகம். தம் கொள்கைக்கு இம்மாணவரால் கேடு வரும் என அஞ்சிய ஆசிரியர், காசி யாத்திரை என்னும் பெயரில் அழைத்துச் சென்று அவரைக் கொல்லத் திட்டமிட்டதாகக் கதை கூறுகிறது. உடன் பயின்ற உறவினர் கோவிந்தர், பிற்காலத்தில் எம்பார் எனப்பட்டவர், எச்சரித்தமையால் இராமானுசர் விந்தியக் காட்டில் தப்பினார். வேடர் உருவில் வந்த தம்பதியர் வழிகாட்டக் காஞ்சியை அடைந்தார்.

நான்காம் படியே மிகுந்த கவனத்துக்குரியது. இத்தனைக்குப் பின்னும் இராமானுசர் யாதவப்பிரகாசரின் பாடசாலைக்குத் திரும்புகிறார். மீண்டும் மாறுபாடு எழுந்தபோது, இனிப் பாடத்துக்கு வரவேண்டா என ஆசிரியரே விலக்கினார் என்பது பரவலாக வழங்கும் வடிவம். கொலைத் திட்டத்தை அறிந்த மாணவர் திரும்பி வந்தது ஏன் என்னும் வினாவுக்கு நூல்கள் நேரடியான விடை தரவில்லை. கதையமைப்பில் இதன் பயன் தெளிவானது: ஆசிரியரைத் துறந்த பழி மாணவரைச் சாராமல் காக்கப்படுகிறது. அதனோடு, நெடுநாள் பற்று உண்மை தெரிந்த அளவிலேயே அறுந்துவிடுவதில்லை என்னும் உளவியல் உண்மையும் இதில் பதிவாகியுள்ளது.

மூன்று பிணக்குகளின் ஒப்பீடு

இராமானுசர் பின்னாளில் ஏற்ற ஆசிரியர்களோடும் அவருக்குப் பிணக்கு நேர்ந்தது. திருக்கோட்டியூர் நம்பி அவரைப் பதினெட்டு முறை நடக்கவைத்த பின்னரே மறைபொருளை உபதேசித்தார். பிறர்க்குச் சொல்லலாகாது என்னும் ஆணையை மீறி இராமானுசர் அதைப் பலரறியச் சொன்னார். சினந்த நம்பி, பிறர் உய்யத் தாம் நரகம் புகவும் இசைந்த மாணவரின் அருளைக் கண்டு, ‘எம்பெருமானார்’ எனத் தழுவிக்கொண்டார்.

திருமாலையாண்டான் திருவாய்மொழிக்குப் பொருள் கூறியபோது, இராமானுசர் சில இடங்களில் வேறு பொருள் உரைத்தார். ஆளவந்தாரிடம் தாம் கேட்டறியாத பொருள் இது என ஆண்டான் பாடத்தை நிறுத்தினார். திருக்கோட்டியூர் நம்பி தலையிட்டு, அப்பொருளை ஆளவந்தார் அருளிச் செய்யத் தாம் கேட்டதுண்டு எனச் சான்றளித்தபின் பாடம் தொடர்ந்தது.

மூன்று நிகழ்ச்சிகளிலும் மாணவர் ஒருவரே. அவருடைய இயல்பும் ஒன்றே. அவர் ஆணையை மீறுகிறார், அல்லது உரையை மறுக்கிறார். நம்பியிடம் செய்த மீறல் யாதவப்பிரகாசரிடம் செய்த மறுப்பைவிடக் கடுமையானது என்றே கூறலாம். ஆயினும், முறிந்தது யாதவப்பிரகாசரோடு கொண்ட உறவு மட்டுமே. நம்பியின் சினம் மாணவரின் நோக்கத்தைக் கண்டதும் தணிந்தது. ஆண்டானின் மறுப்பு, தம்மினும் மேலான ஓர் ஆசிரிய வழியின் சான்றுக்குக் கட்டுப்பட்டது. யாதவப்பிரகாசருக்கோ, அக்கதையில், தம் கருத்துக்கு மேல் கட்டுப்பட வேண்டிய வேறொன்றும் இல்லை. ஆகவே மாணவரின் வினா அவருக்கு அச்சுறுத்தலாகத் தோன்றுகிறது.

இவ்வளவுகோல் வைணவத்துக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ இக்கதைகள் நூல்வடிவம் பெற்ற 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராகத் தகாதவர் இலக்கணத்தைத் தனியே வகுக்கிறது. பொறாமை, பேராசை, வஞ்சம், அச்சம் விளையப் பேசுதல் ஆகியவை பவணந்தியார் அங்கு எண்ணும் குற்றங்களுள் அடங்கும். சமண முனிவரின் இலக்கண நூலும் வைணவ ஆசாரியரின் வரலாற்று நூலும் ஒரே முடிவுக்கு வருகின்றன: புலமை மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்காது.

பிரிவுக்குப் பின்

ஆசிரியரை இழந்த இராமானுசர் ஆசிரியம் என்னும் நெறியையே வெறுக்கவில்லை. அவர் அடுத்து நாடிய திருக்கச்சி நம்பி வேதாந்தப் புலமையால் அறியப்பட்டவர் அல்லர். பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டால் அறியப்பட்டவர். நம்பி தம்மை ஆசாரியராக ஏற்க இசையவில்லை. அவர் வழியாகக் கிடைத்த ஆறு வார்த்தைகளின்படி இராமானுசர் பெரிய நம்பியை நாடி, மதுராந்தகத்தில் சமயத் தீக்கை பெற்றார். ஏமாற்றம் அவருடைய தேடலை நிறுத்தவில்லை. தேடலின் அளவுகோலைப் புலமையிலிருந்து ஒழுக்கத்துக்கு மாற்றியது.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி ஆகிய ஐவரை அவர் ஆசிரியர்களாகக் கொண்டார். ஆளவந்தார் தம் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பொருளை ஒப்படைத்திருந்தமையே இதற்குக் காரணம் என மரபு கூறும். அதன் விளைவாக, ஒருவரின் சொல்லை மற்றவரின் சான்றால் சரிபார்க்கும் வாய்ப்பு உண்டாயிற்று. ஆண்டானோடு நேர்ந்த பிணக்கு தீர்ந்தது இவ்வழியிலேயே.

கதையின் இறுதியில் யாதவப்பிரகாசர் தம் தாயின் தூண்டுதலால் இராமானுசரிடம் வந்து, துறவு ஏற்று, கோவிந்த சீயர் என்னும் பெயர் பெறுகிறார். துறவியர் நெறிகளைத் தொகுக்கும் யதிதர்ம சமுச்சயம் அவர் இயற்றியதாக வழங்குகிறது. இதை வெற்றிக்கதை எனக் கொள்வதில் தவறில்லை. வென்ற தரப்பு எழுதியதே இது. எனினும், கொலைக்குத் துணிந்தவராகக் காட்டப்பட்டவருக்குத் தண்டனை தராமல் நூலாசிரியர் என்னும் மதிப்பைத் தந்து கதையை முடித்திருப்பது கருதத்தக்கது. பழைய ஆசிரியரின் புலமையை மறுக்காமலே அவர் தலைமையை மறுக்கலாம் என்பது இதன் உட்கிடை.

முடிவுரை

குருபரம்பரை நூல்கள் ஆசிரியப் பற்றை எல்லையற்ற அறமாகக் கூறுகின்றன என்னும் பொதுக்கருத்து திருத்தத்துக்குரியது. அவை அப்பற்றுக்கு ஓர் எல்லையையும் வகுத்துள்ளன. மாணவரின் வினாவைக் கேட்டுச் சினப்பவரும் மறுப்பவரும் ஆசிரியராகவே நீடிக்கின்றனர். அதைக் கேட்டு அஞ்சி வஞ்சகம் செய்பவர் ஆசிரியர் என்னும் நிலையை இழக்கிறார். இந்த எல்லையைக் கடந்தவரிடமிருந்து விலகுதல் குருத்துரோகம் ஆகாது என்பதை, தன் முதன்மை ஆசாரியரின் வாழ்வையே எடுத்துக்காட்டாக்கி இம்மரபு கூறியுள்ளது. சமயத் தலைமை, பற்று, ஏமாற்றம் ஆகியவற்றை ஆராயும் இக்கால ஆய்வுகள், இவ்வளவுகோலைத் தமிழ் மரபின் உள்ளிருந்தே பெறலாம்.